விக்ரோரியாவின் முகத்தில் மிதித்தது யார்?

தன் முகத்தில் யாரோ ஏறி மிதித்திருக்கிறார்கள் என்பதை விக்ரோரியா சனிக்கிழமை காலை ஏழு மணிக்குத் தெரிந்துகொண்டாள்.

முகம் என்றால் கடதாசியில் இருந்த முகம். முதல்நாள் மாலை முழுக்க அசையாமல் கதிரையில் இருத்திவைத்து, செம்மண் நிறச் சோக்கினால் அமலராணி அவளை வரைந்திருந்தாள். அந்தப் படம் இப்போது பொதுக்கூடத்துத் தரையில் கிடந்தது. இடது கன்னத்தில் ஒரு குதிக்கால் பதிந்திருந்தது. மூக்குப் பாதி அழிந்திருந்தது. யன்னல் திறந்து கிடக்க, வெளியே இருந்த குளிரெல்லாம் உள்ளே வந்து நின்றது.

"அக்கா, மற்றப் படங்களைக் காணேல்லை," என்றாள் அமலராணி. சத்தம் போட்டு வீட்டையே எழுப்பியவள், இப்போது குரலே இல்லாமல் சொன்னாள். "ஒன்பதையும் காணேல்லை. அட்டை உறை வெறுமையாக் கிடக்கு."

விக்ரோரியா குனிந்து தன் மூக்கில்லாத முகத்தைப் பார்த்தாள். அவளுக்கு முதலில் வந்தது துக்கமல்ல, கோபம். எப்போதுமே அதுதான் முதலில் வரும். தலைமன்னார் இறங்குதுறையில், சுங்கப் பகுதியில், இராமேசுவரம் கப்பலில் வந்து போகும் பெண்களின் பெட்டிகளைச் சோதிப்பதுதான் அவளுடைய உத்தியோகமாக இருந்தது. சண்டையில் கப்பல் நின்றது, உத்தியோகம் போனது, ஊரும் போனது. கோபத்தை மட்டும் ஒருவரும் பறிமுதல் செய்யவில்லை. அதையும் கொண்டுதான் டென்மார்க்குக்கு வந்து இறங்கியிருந்தாள்.

அது 1986 பெப்ரவரி. ஸ்கீவ நகரத்தின் ஓரத்தில், கடல்நீர் உள்ளே புகுந்து கிடக்கும் ஃபியோர்ட்டைப் பார்த்தபடி ஒரு பழைய விடுதி. அதில் அகதிகளாக வந்த தமிழர் சில குடும்பங்களையும் தனி ஆட்களையும் இருத்தியிருந்தார்கள். கீழே பொதுக்கூடமும் குசினியும், மேலே படுக்கை அறைகள். அந்த வீட்டில் எல்லோருக்கும் எல்லோருடைய இருமலும் தெரியும்.

அமலராணிக்கு இருபத்திரண்டு வயது, மன்னார்ப் பெண். மாலைப் பள்ளியில் சித்திரம் படிப்பிக்கும் இங்கர் என்ற டெனிஷ்காரிதான் இவளுடைய கையைக் கண்டுபிடித்தவள். கோப்பன்ஹேகனில் இருந்து ஒரு தடித்த புத்தகத்தை வாங்கி வந்து கொடுத்தாள். அமெரிக்காவில் உள்ள கலைப் பள்ளிகள் எல்லாம் அதில் இருந்தன. முதல் வரிசைப் பள்ளிகளுக்கு நட்சத்திரக் குறி போட்டிருந்தது. அமலராணி அதைச் செபப் புத்தகம் போலப் பாடமாக்கிவிட்டாள். நியூயோர்க்கில் இருப்பது புதுமையைக் கேட்கும், கலிபோர்னியாவில் இருப்பது நேரே வந்து கதைக்கச் சொல்லும், சிக்காகோவில் இருப்பதற்கு முதலில் படங்களைக் கமராவில் பிடித்த ஸ்லைட் அனுப்ப வேண்டும் என்று சோறு பரிமாறும்போதும் சொல்லிக்கொண்டிருப்பாள். அவளுக்குப் பிடித்தது பொஸ்ரனுக்குப் பக்கத்தில் உள்ள ஹார்ட்வெல் பள்ளி. அங்கேதான் வரைகிற கைக்கு முதல் மரியாதை.

ஹார்ட்வெல் அவளுடைய ஸ்லைட்டுகளைப் பார்த்து, இடம் தருகிறோம் என்றது. முழுப் புலமைப்பரிசில் வேண்டுமானால் பத்து மூலப் படங்களை மாதம் முடிவதற்குள் அனுப்பு என்றும் கேட்டது. புலமைப்பரிசில் இல்லாமல் அமெரிக்காவை அவள் வரைபடத்தில்தான் பார்க்கலாம். அன்று மதியம் பன்னிரண்டு மணிக்குத் தபாற்கந்தோர் பூட்டுவதற்குள் பார்சல் போனால்தான் நேரத்துக்குப் போய்ச் சேரும். பத்தில் ஒன்பதைக் காணவில்லை, மிச்சமிருந்த ஒன்றில் கால் பதிந்திருந்தது.

சத்தம் கேட்டு எல்லோரும் இறங்கி வந்தார்கள். அமலராணியின் தமையன் அந்தோனிதாசன் போர்வையோடு வந்தான். ராசமலர் அக்கா கையில் தேநீர் வடிகட்டும் வடியோடு வந்தார். குணசேகரம் மாஸ்ரர் கம்பளிச் சால்வையைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு, நெற்றியில் திருநீறும் அதற்குக் கீழே கொஞ்சம் கோணலாகக் குங்குமமுமாக வந்தார். யாழ்ப்பாணத்தில் பெரிய கல்லூரி ஒன்றில் சித்திர ஆசிரியராக இருந்தவர். அந்த வீட்டில் கமரா வைத்திருந்தது அவர் ஒருவர்தான். அமலராணியின் படங்களை ஸ்லைட் பிடித்துக் கொடுத்தவரும் அவரே. டென்மார்க் வெளிச்சத்தை நம்ப ஏலாது என்று ஒவ்வொரு படத்தையும் இரண்டு தரம் பிடிப்பார்.

"நான் அப்பவே சொன்னனான்," என்றார் மாஸ்ரர். "அந்த யென்ஸ் எண்ட பொடியன்தான். போன மாசம் கல்லெறிஞ்சவன். யன்னலைப் பாருங்கோ, எப்பிடித் திறந்து கிடக்கு!"

யென்ஸ் அடுத்த தெருவில் இருக்கிறவன். பதினெட்டு வயதுதான் இருக்கும். பியர் குடித்துவிட்டு வந்து, ஊருக்குத் திரும்பிப் போங்கள் என்று வாசலில் நின்று கத்துவான். போன மாதம் குசினிக் கண்ணாடியைக் கல்லால் உடைத்தவன். அவனுடைய பெயரைக் கேட்டதும் அந்தோனிதாசன் போர்வையைக் கழற்றி எறிந்தான்.

"அவனை இண்டைக்கு முடிக்கிறன்."

விக்ரோரியா வாசற்கதவில் சாய்ந்து நின்றாள். அவள் நின்றால் அந்த வாசலில் பூனையும் போகாது. "ஒருத்தரும் வெளியில போறேல்லை. முதல்ல பொலிசைக் கூப்பிடுவம்."

எட்டரைக்குப் பொலிஸ்காரர் வந்தார். ஹென்ரிக்சன் என்ற அமைதியான, கொட்டாவி விடும் மனிதர். ஆங்கிலத்தில் கேட்டார், மாஸ்ரர் ஆங்கிலத்தில் பதில் சொன்னார். யென்சைப் பற்றித்தான் அதிகம் சொன்னார்.

"வரைந்தவர் பெயர் பெற்றவரா?" என்று கேட்டார் ஹென்ரிக்சன்.

"இல்லை. மாணவி."

"அப்படியென்றால் விற்க முடியாது. விளையாட்டுக்கு எடுத்துப் பனியில் எறிந்திருப்பான். தேடிப் பாருங்கள். நான் அந்தப் பையனின் வீட்டுக்குப் போய்க் கதைக்கிறேன்."

விக்ரோரியா படத்தை அவருக்கு நேரே நீட்டினாள். கன்னத்தில் கம்பளிக் காலுறையின் வரிவரியான அச்சு. அதை ஒட்டி, மூக்கில், சோக்கு ஒற்றி எடுக்கப்பட்ட மாதிரி மூன்று விரல்களின் தடம்.

"சப்பாத்து இல்லாமல் வந்த கள்ளனா?" என்று கேட்டாள்.

"சத்தம் வராமல் இருக்கக் கழற்றியிருப்பான்," என்றார் ஹென்ரிக்சன். "பிறகு கால் தடத்தைத் துடைத்து அழிக்கப் பார்த்திருக்கிறான். இதோ, விரல்."

யன்னலைத் தன் கையாலேயே சாத்திவிட்டுப் போனார். அமலராணி சப்பாத்தும் போடாமல் வெளியே ஓடி, வேலி ஓரப் பனியைக் கையால் கிளறினாள். விக்ரோரியா போய் அவளை இழுத்து வந்தாள். அந்தப் பிள்ளையின் விரல்கள் விறைத்துப் போயிருந்தன. வரைகிற விரல்கள் என்று நினைத்தபோது விக்ரோரியாவுக்கு நெஞ்சு எரிந்தது.

பனி உதிர்ந்த சப்பாத்தை வாசலில் கழற்றிவிட்டு, வெறும் காலுறையோடு இருட்டுக்குள் நடந்து, கடதாசி மட்டும் எடுத்துப்போகிற குடிகாரப் பொடியனை அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. கூடத்தில் ரேடியோ இருந்தது, சுவர் மணிக்கூடு இருந்தது. ஒன்றையும் தொடவில்லை. தேவாலயச் சபை ஒன்று கட்டுக்கட்டாகக் கொடுத்த சாம்பல் நிறக் கம்பளிக் காலுறையைத்தான் வீட்டில் எல்லோரும் போட்டிருந்தார்கள். அவளும் போட்டிருந்தாள்.

அந்தோனிதாசனைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"ராத்திரி எங்கை இருந்தனீர்?"

"கட்டில்ல."

"போன கிழமை தங்கச்சிக்கு என்ன சொன்னனீர்?"

"அமெரிக்கா கிமெரிக்கா எண்டால் படத்தையெல்லாம் அடுப்பில வைப்பன் எண்டனான்."

"ஏன்?"

"ஜேர்மனியில நல்ல மாப்பிளை ஒண்டு பேசி வைச்சிருக்கு. இவள் தனியப் போய் அந்த ஊரில உடுப்பில்லாத ஆக்களை நிப்பாட்டி வரையப் போறாளாம். அங்கை அதுதான் முதல் பாடமாம். தமையன் எண்டு நான் என்னத்துக்கு இருக்கிறன்?"

"வைச்சனீரே, அடுப்பில?"

"வைச்சிருந்தா ஓம் எண்டு சொல்லியிருப்பன் அக்கா. ஒளிச்சுச் செய்ய எனக்கு ஆரிட்டப் பயம்?"

விக்ரோரியா அவனுடைய முகத்தைப் பார்த்தாள். கழுவாத, தூக்கம் கலையாத முகம். கோபம் தவிர வேறொன்றும் அதில் இல்லை. பொய் சொல்கிறவர்கள் கேட்டதற்கு மேலே சொல்வார்கள் என்பது இறங்குதுறையில் அவள் கண்டது. சேலை எத்தனை என்று கேட்டால், சேலையோடு மாமியாருடைய வருத்தத்தையும் சொல்வார்கள்.

மாஸ்ரர் கூடத்து மேசையில் பெரிய அரிச்சுவடிப் படத்தாள்களை அடுக்கிப் பழுப்புக் கடதாசியில் சுற்றிக்கொண்டிருந்தார். சனிக்கிழமைகளில் அவர் ரெயின் ஏறி வைலேக்குப் போய், அங்குள்ள தமிழ்ப் பிள்ளைகளுக்கு எழுத்துப் படிப்பித்துவிட்டு வருவார்.

"மாஸ்ரர், ராத்திரி ஏதும் சத்தம் கேட்டதோ?"

"கேட்டது போலத்தான் இருந்தது. நான் வெள்ளெனவே படுத்திட்டன். நாரி நோ, முதுகு நிமிர்த்த ஏலாது. யன்னல் பக்கம் ஏதோ சரசரத்தது. காத்தாக்கும் எண்டு பேசாமல் கிடந்தன். அந்தப் பொடியன் எண்டு தெரிஞ்சிருந்தா விடுவனே? பாவம், பிள்ளையின்ர வாழ்க்கை. என்ர படங்களெல்லாம் ஊரில வீட்டோட எரிஞ்சு போச்சு. எனக்குத் தெரியும் அந்த வலி." அவர் கண்ணாடியைக் கழற்றிச் சால்வை நுனியால் துடைத்தார். "இந்தக் குளிருக்குக் கண்ணாடியும் புகைக்குது."

"இண்டைக்கும் வைலேக்குப் போறியளோ?"

"பிள்ளையள் பாத்துக்கொண்டிருக்குங்கள். பத்தே முக்கால் ரெயின்."

விக்ரோரியா ஒரு சின்னக் கேள்விக்கு நாரிநோவும் காற்றும் எரிந்த படங்களும் வந்ததை மட்டும் மனதில் வைத்துக்கொண்டாள்.

குசினியில் ராசமலர் அக்கா தேநீர் ஊற்றினார். நெற்றி வெறுமையாக இருந்தது. "தைப்பொங்கலோட இந்த வீட்டில குங்குமம் துடைச்சு வழிச்சு முடிஞ்சுது விக்ரோரியா. என்னட்டயும் இல்லை, மற்ற ஆக்களிட்டயும் இல்லை. லண்டனில இருந்து தம்பி அனுப்புறான் எண்டு ஒரு மாசமாக் காத்திருக்கிறன். நல்ல நாளும் பெருநாளும் இப்பிடி வெறும் நெத்தியோட திரியிறன். அதுதான் வீட்டுக்கு இந்தப் பீடை."

"பீடையில்லை அக்கா. கள்ளன்."

"மாஸ்ரரும் பாவம், துடிச்சுப் போனார். குளிருக்குப் பயந்த மனுசன், முகம்கூடக் கழுவாமல் திருநீற்றை இழுத்துப்போட்டு ஓடி வந்தார்."

ஒன்பதரைக்கு இங்கர் வந்தாள். படங்களைப் பொதி செய்வதற்கு இரண்டு தடித்த மட்டைகளையும் அந்தப் பள்ளிப் புத்தகத்தையும் கொண்டு வந்திருந்தாள். விஷயத்தைக் கேட்டதும் மட்டைகளைச் சுவரில் சாய்த்துவிட்டுக் கதிரையில் உட்கார்ந்து, தன் மொழியில் நீளமாக ஏதோ திட்டினாள். விக்ரோரியாவுக்கு டெனிஷ் அவ்வளவாக வராது. ஆனாலும் அந்தத் திட்டு அவளுக்குப் பிடித்திருந்தது.

பிறகு இங்கர் மிதிபட்ட படத்தைக் கையில் எடுத்துப் பார்த்தாள். "இதில் அவளுடைய கையெழுத்து ஏன் இல்லை?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

"எதிலும் இல்லை. அமெரிக்காவில் பெயர் போடக்கூடாதாம். போட்டால் நடுவர்கள் பக்கம் சாய்ந்துவிடுவார்களாம். மாஸ்ரர் சொன்னார்."

"யார் அப்படிச் சொன்னது? ஹார்ட்வெல் ஒவ்வொரு படத்திலும் வரைந்தவருடைய கையெழுத்தைக் கேட்கிறது. புத்தகத்திலேயே இருக்கிறது. பொதி செய்யும்போது போடுவாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்."

புத்தகத்தைக் காட்டுவதற்காக இங்கர் திரும்பினாள். கதிரை விளிம்பில் இருந்த புத்தகம் சரிந்து விழுந்து, எழும்பப் போன விக்ரோரியாவின் காலில் பட்டது. விக்ரோரியா அதை எடுத்துக் கொடுத்தாள்.

இங்கர் அவளை விசித்திரமாகப் பார்த்தாள். "இப்போது என்ன செய்தாய்?"

"எடுத்துத் தந்தேன்."

"அதற்கு முன்னால். புத்தகத்தைத் தொட்டாய், பிறகு உன் கண்களைத் தொட்டாய். வலிக்கிறதா?"

விக்ரோரியா தன் வலது கையைப் பார்த்தாள். செய்ததே அவளுக்குத் தெரியவில்லை. புத்தகத்திலோ எழுதிய கடதாசியிலோ கால் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வது. பாலர் வகுப்பில் யாரோ ஒரு ரீச்சர் தலையில் குட்டிப் பழக்கியது. மன்னாரில் வேதக்காரப் பிள்ளைகளும் செய்தார்கள், சைவப் பிள்ளைகளும் செய்தார்கள். தலைமன்னாரில் இருந்து அமெரிக்கா வரை போனாலும் கை தன் பாட்டில் செய்யும்.

"இங்கர், அந்தப் படத்தை இஞ்ச தாரும்," என்று தமிழிலேயே சொன்னாள்.

படத்தை மேசையில் வைத்து, தன் மூன்று விரல்களையும் அந்தத் தடத்துக்கு மேலே, தொடாமல், பிடித்துப் பார்த்தாள். கால் தடத்தைத் துடைக்க வந்த விரல்கள் என்றால் தடத்தின் மேலே போயிருக்கும். இவை பக்கத்தில் வைத்து, அப்படியே தூக்கிய விரல்கள். குனிந்து தொட்டிருக்கிறான். தொட்ட கை பிறகு எங்கே போயிருக்கும் என்பதுதான் இப்போது அவளுக்குத் தெரியுமே.

யென்ஸ் கல்லெறிவான், கத்துவான், குடித்துவிட்டு வேலியில் மூத்திரமும் பெய்வான். ஆனால் ஒரு கடதாசியை மிதித்ததற்காக அவன் கண்ணில் ஒற்ற மாட்டான். எங்களில் ஒருவன். அந்த எண்ணம் வந்ததும் விக்ரோரியாவின் காது இரண்டும் சூடேறின. யென்ஸ் மீது வந்த கோபம் தெருக்கோபம். இது வீட்டுக்குள் எழும்பிய கோபம்.

இன்னொன்று அவளுக்கு நினைவு வந்தது. அமலராணி படம் வரைந்து முடித்தால், சோக்குத் தூள் உதிராமல் இருப்பதற்கு, தலைமயிருக்கு அடிக்கிற ஸ்பிரேயை அதன்மேல் அடிப்பாள். நேற்று அடிக்கவில்லை. விக்ரோரியாவுக்கு அந்த மணத்தில் இருமல் வரும் என்று, காலையில் அடிக்கிறேன் என விட்டுவிட்டாள். மற்றப் படங்களைத் தொட்டால் கையில் ஒன்றும் ஒட்டாது. இந்த ஒன்றைத் தொட்டால் சிவப்பு ஒட்டும். இருட்டில் தொட்டவனுக்கு அது தெரிந்திருக்காது.

விக்ரோரியா எழும்பிக் கூடத்துக்குப் போனாள். அப்போது மணி பத்தரை.

மாஸ்ரர் மேற்சட்டை, தொப்பியோடு வாசலில் நின்றார். பழுப்புக் கடதாசிப் பார்சல் கக்கத்தில் இருந்தது. அந்தோனிதாசனும் இன்னும் இரண்டு பொடியளும் சப்பாத்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

"பொலிஸ் ஒண்டும் செய்யாது தம்பி," என்று மாஸ்ரர் சொல்லிக்கொண்டிருந்தார். "அவனிட்டைப் போய்க் கேட்டால்தான் உண்மை வரும். நான் உங்களைத் தடுக்கேலாது."

"நான் தடுக்கிறன்," என்றாள் விக்ரோரியா. "எல்லாரும் உள்ளுக்கு வாங்கோ. மாஸ்ரர், நீங்களும்."

"எனக்கு ரெயினுக்கு நேரமாகுது பிள்ளை."

"ரெயின் நாளைக்கும் ஓடும். தொப்பியைக் கழற்றுங்கோ."

அவர் கழற்றினார். கழற்றாமல் நிற்க அந்தக் குரல் விடவில்லை.

"ராசமலரக்கா, இவருடைய நெத்தியில என்ன இருக்கு?"

"திருநீறு."

"கீழ?"

"குங்குமம்." ராசமலர் அக்கா சொல்லிவிட்டு நின்றார். கையில் இருந்த வடி சாய்ந்தது. "குங்குமமோ? இந்த வீட்டில குங்குமம் ஏது?"

மாஸ்ரரின் கை நெற்றிக்குப் போனது.

"தொடாதேங்கோ!" விக்ரோரியாவின் சத்தத்தில் இங்கரும் பின்வாங்கினாள். "காலமை நாங்கள் எல்லாரும் அதைப் பாத்தம். பாத்தும் பாக்கேல்லை. சைவக்காரர், திருநீறு பூசிறவர், பொட்டும் வைச்சிருக்கிறார் எண்டு விட்டிட்டம். அது குங்குமம் இல்லை. அது என்ர மூக்கு."

அந்தோனிதாசனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. விக்ரோரியா படத்தைத் தூக்கிப் பிடித்தாள்.

"இருட்டில வந்தார். படங்களை எடுத்தார். கள்ளன் வெளியில இருந்து வந்த மாதிரி இருக்கட்டும் எண்டு யன்னலைத் திறந்தார். காத்துக்கு மேசையில கிடந்த இந்தப் படம் பறந்து விழுந்துது. அதில மிதிச்சார். மிதிச்சது கடதாசி எண்டு காலுக்குத் தெரிஞ்ச உடனே கை குனிஞ்சு தொட்டுக் கண்ணில ஒத்திச்சுது. பழக்கம். என்ர கையும் இப்பதான் செய்தது. கண்ணாடி போட்டிருந்தபடியால் விரல் கண்ணாடியிலயும் புருவத்துக்கு நடுவிலயும் பட்டுது. கண்ணாடி மங்க, சால்வையால துடைச்சார். நெத்தியைத் துடைக்கேல்லை. இருந்தது தெரியாது. மாஸ்ரர், சால்வை நுனியைக் காட்டுங்கோ."

அவர் காட்டவில்லை. அந்தோனிதாசன் இழுத்துப் பார்த்தான். நீலச் சால்வையின் நுனியில் செம்மண் கறை இருந்தது.

"என்ன விசர்க்கதை!" என்றார் மாஸ்ரர். "எனக்கு என்னத்துக்கு இவளின்ர படம்?"

"இங்கர் சொன்னதிலதான் அது தெரிஞ்சுது. படத்தில பெயர் போடாதே எண்டு நீங்கள் இந்தப் பிள்ளைக்குச் சொன்னியள். பொய். பெயரில்லாத படம் ஆருக்கு வேணும்? தன்ர பெயரைப் போடப் போறவனுக்கு வேணும். ஒவ்வொரு படத்தையும் இரண்டு தரம் கமராவில பிடிச்சியள். ஒரு கட்டு ஸ்லைட் இவளுக்கு, மற்றக் கட்டு? பார்சலைத் திறவுங்கோ."

"அது பிள்ளையளின்ர அரிச்சுவடி."

"தலைமன்னாரில எத்தினை பெட்டியில குழந்தைப்பிள்ளையின்ர உடுப்புக்குக் கீழ என்னென்ன கிடந்தது எண்டு எனக்குத் தெரியும். திறவும்!"

'நீங்கள்' போய்விட்டதை எல்லோரும் கவனித்தார்கள். மாஸ்ரர் அசையவில்லை. அமலராணிதான் வந்து, அவருடைய கக்கத்தில் இருந்து பார்சலை எடுத்து, மேசையில் வைத்துப் பிரித்தாள். அம்மா, ஆடு, இலை. அடுத்த தாளைத் தூக்கினாள். கீழே ஃபியோர்ட்டில் மட்டி அள்ளுகிற பெண் ஒருத்தி சிவப்புச் சோக்கில் குனிந்து நின்றாள். அதற்குக் கீழே தூங்கும் அந்தோனிதாசன், பிறகு கிழங்கு உரிக்கும் ராசமலர். ஒன்பதும் இருந்தன. ஒன்பதிலும் வலது மூலையில், அதே சிவப்புச் சோக்கில், குணசேகரம் என்று ஆங்கிலத்தில் கையெழுத்து இருந்தது.

அமலராணி அந்தக் கையெழுத்துகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். அழவில்லை. முகம் மட்டும் வெளிறிப் போனது.

"சிக்காகோ," என்றார் மாஸ்ரர் கடைசியில். குரல் கீழே போயிருந்தது. "என்ர பெயரில அனுப்பின ஸ்லைட்டைப் பாத்திட்டு அங்கை மூலப்படம் கேட்டிட்டினம். எனக்கு நாப்பத்தெட்டு வயசு. இருபது வருசத்துப் படம் என்ர வீட்டோட எரிஞ்சது. திரும்ப வரைய இந்தக் கை வருகுதில்லை. இவள் சின்னப் பிள்ளை. இன்னொருக்கால் வரைவாள். அடுத்த வருசம் போவாள். எனக்கு அடுத்த வருசம் இல்லை."

அந்தோனிதாசன் கையை ஓங்கினான். விக்ரோரியா அந்தக் கையைப் பிடித்தாள். அடிக்க அவளுக்கும் ஆசைதான்.

"எரிஞ்சது பாவம்தான்," என்றாள். "எங்கள் எல்லாருக்கும் எரிஞ்சது. எரிச்சவனிட்டைக் கேக்கேலாமல் இவளிட்டைக் களவெடுத்தனீர். அந்தப் பொடியன் யென்சை அடிக்க எங்கட பொடியளை ஏவி விட்டனீர். அடிச்சிருந்தா இவங்கள் மறியலில, கம்பிக்குப் பின்னால, இருந்திருப்பாங்கள், நீர் சிக்காகோவில இருந்திருப்பீர்." அவளுக்கு மூச்சு வாங்கியது. "கடதாசியில கால் பட்டதுக்கு, இருட்டில, ஒருத்தரும் பாக்காத இடத்தில, கடதாசியிட்டை மன்னிப்புக் கேட்டனீர். வரைஞ்ச பிள்ளையிட்டைக் கேக்க உமக்குக் கை வரேல்லை."

மாஸ்ரர் தலையைக் குனிந்தார்.

தபாற்கந்தோர் பூட்ட ஒரு மணித்தியாலம்தான் இருந்தது. இங்கர்தான் முதலில் அசைந்தாள். "பாண்," என்றாள். அவளுக்குத் தெரிந்த நாலைந்து தமிழ்ச் சொற்களில் அதுவும் ஒன்று. ஸ்பிரே அடித்த படத்தின் மேல் எழுதிய சோக்கு, கோதுமைப் பாணின் மெதுவான உட்பகுதியால் ஒற்றினால் வந்துவிடும் என்று காட்டினாள். ராசமலர் அக்கா முழுப் பாணையும் கொண்டு வந்து பிய்த்தார். அமலராணி ஒற்றி ஒற்றி எடுத்தாள். குணசேகரத்தின் பெயர் ஒவ்வொரு படத்தில் இருந்தும் பாண் துண்டுகளுக்கு ஏறி, குப்பைக்குப் போனது. அவள் அந்த இடத்தில் தன் பெயரை எழுதினாள்.

பத்தாவது படம் மேசையில் மிச்சமாகக் கிடந்தது.

"இதை என்னெண்டு அக்கா அனுப்பிறது? மிதிபட்டுப் போச்சே."

"பத்துக் கேட்டவை. பத்தும் போகவேணும்."

"மூக்கில்லை அக்கா."

"இல்லாட்டிப் போகட்டும். ஸ்பிரேயை எடு. அடி."

"உங்களுக்கு இருமும்."

"இருமினால் இருமுறன். அந்தக் காலும் விரலும் அப்பிடியே கிடக்கட்டும். எங்கட சனத்தில வரைய வெளிக்கிட்டால் என்ன நடக்கும் எண்டு அமெரிக்காக்காரனும் பாக்கட்டும்."

அமலராணி அடித்தாள். விக்ரோரியா கூடத்தை விட்டுப் போகாமல் நின்று, கண்ணில் நீர் வர இருமினாள்.

"பெயரை எங்கை போட?"

"கால் பதிஞ்ச இடத்தில போடு. பெரிசாப் போடு."

பன்னிரண்டுக்குக் கொஞ்சம் முன்னால் தபாற்கந்தோருக்குள் நுழைந்தார்கள். பார்சலை அந்தோனிதாசன் இரண்டு கையாலும் ஏந்தி வந்தான். ஜேர்மனி மாப்பிள்ளையைப் பற்றி வழியில் ஒரு வார்த்தையும் பேசவில்லை. பக்கத்து யன்னலில் குணசேகரம் நின்றார். ஸ்லைட்டில் உள்ள படங்கள் என்னுடையவை அல்ல என்று சிக்காகோவுக்குத் தந்தி அடிக்கச் சொல்லி அவரைக் கூட்டி வந்திருந்தார்கள். விக்ரோரியா அவருக்குப் பின்னால் நின்று, அவர் எழுதும் ஒவ்வொரு சொல்லையும் வாசித்தாள்.

எழுதி முடித்துவிட்டு அவர் திரும்பினார். அமலராணி பார்சலில் விலாசம் எழுதிக்கொண்டிருந்தாள்.

"பிள்ளை," என்றார். "என்னை மன்னிச்சுக்கொள்."

அமலராணி அவரை நிமிர்ந்து பார்த்தாள். வரைவதற்கு முன்னால் ஒரு முகத்தைப் பார்ப்பாளே, அந்த மாதிரி நிதானமாகப் பார்த்தாள்.

"மாஸ்ரர், கண்ணாடியை இன்னொருக்கால் துடையுங்கோ," என்றாள். "சட்டத்து இடுக்கில இன்னும் என்ர சோக்குக் கிடக்கு."

அவர் துடைக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்தபடி வெளியே பனிக்குள் இறங்கிப் போனார். உள்ளே, பார்சலை வாங்கிய பெண் அதைத் தராசில் வைத்தாள்.